படத்தில் விழாத மனிதர்கள்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்ரயிலில் வடக்கு நோக்கிப் போகிறவர்கள் இராயபுரம் நிலையத்தின் உயர்ந்த தூண்களைப் பார்த்திருப்பார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் அதுதான். 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்கான ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தொடக்க விழாவை லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ என்ற வார இதழ் படத்துடன் வெளியிட்டது. அது புகைப்படம் அன்று. ஓவியர் வரைந்து, மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட சித்திரம்.

புகைப்படக் கலை அப்போது சென்னைக்கு வந்து சேர்ந்திருந்தது. பிறகு ஏன் சித்திரம்? பத்திரிகையில் புகைப்படத்தை நேரே அச்சிடும் முறை அன்று இல்லை என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. அன்று அந்த நிலையத்தின் முன் ஒருவர் காமிராவை நிறுத்திப் படம் எடுத்திருந்தால் தூண்கள் மிகத் தெளிவாக விழுந்திருக்கும். கூடியிருந்த மக்களோ புகைபோல் கலைந்திருப்பார்கள், அல்லது அடியோடு மறைந்திருப்பார்கள். அசையாத கல்லுக்கு இடம் கொடுத்த காமிரா, அசைகிற மனிதனுக்கு இடம் கொடுக்கப் பல ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப்போகிறோம்.

பாரிஸ் தெருவில் ஒரு மனிதர்

பிரெஞ்சுக்காரரான டாகேர் 1838-இல் பாரிஸ் நகரத்தின் அகன்ற வீதி ஒன்றை ஒரு மேல்மாடியிலிருந்து படம் பிடித்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்த வீதி அது. ஆனால் படத்தில் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு மூலையில் ஒருவர் மட்டும் காலைத் தூக்கி வைத்து நிற்கிறார். அவருடைய காலணிக்கு மெருகு போடும் ஆளும் மங்கலாகத் தெரிகிறார். ஒளி பல நிமிடங்கள் தகட்டின்மேல் விழுந்தால்தான் உருவம் பதியும் காலம் அது. நடந்து போனவர்கள் எவரும் ஒரே இடத்தில் போதிய நேரம் நிற்கவில்லை. மெருகு போட்டுக்கொள்ள நின்றவர் மட்டும் படத்தில் விழுந்தார்.

நம் நாட்டிலும் இதே நிலைதான். 1850-களின் தொடக்கத்தில் ஃபிரெடெரிக் ஃபீபிக் என்பவர் சென்னை நகரக் காட்சிகளைப் படமெடுத்து, அவற்றின்மேல் கையாலேயே வண்ணமும் தீட்டினார். அவருக்குப்பின் வந்தவர் லின்னேயஸ் டிரைப். இவர் சென்னை இராணுவத்தைச் சேர்ந்த அதிகாரி. 1850-களின் பிற்பகுதியில் சென்னை அரசின் புகைப்படக்காரராகப் பணிபுரிந்தார். 1858-இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோவில்களை இவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள சுருளாக அமைத்தார்.

டிரைப் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். கல்வெட்டு அசையாது; கோபுரம் அசையாது. அவருடைய கருவிக்கு ஏற்ற பொருள்கள் அவை. அவருடைய முக்காலியைக் கடந்து அன்று எத்தனையோ பேர் நடந்து போயிருப்பார்கள்; அவர்களைப் பிடித்து நிறுத்தும் ஆற்றல் அந்தக் கருவிக்கு இல்லை.

இராயபுரத்துக்கு அருகில் கடற்கரையில் இந்தக் குறை இன்னும் பெரிதாக இருந்தது. அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். துறைமுகச் சுவர்கள் கட்டும் பணி 1870-களில் தொடங்கி, 1881-ஆம் ஆண்டுப் புயலில் சேதமடைந்து, 1896-இல்தான் முடிந்தது. அதுவரை இந்த நகரத்தின் கடல் வாணிபம் பெரும்பாலும் அந்தப் படகோட்டிகளின் தோள்வலிமையால் நடந்தது. ஆனால் படகோட்டி அலையோடு போராடும் கணத்தைக் காட்டுவது நெடுங்காலம் ஓவியரின் வேலையாகவே இருந்தது.

ஒரு சிறு கணக்கு

மறைவது எப்படி என்பதைக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் காமிராவிலிருந்து 10 மீட்டர் தொலைவில் குறுக்காக நடக்கிறார் என்று கொள்வோம். வேகம் விநாடிக்கு ஒன்றரை மீட்டர். லென்ஸின் குவியத் தொலைவு 80 மி.மீ. எனில், பிலிமின்மேல் அவருடைய பிம்பம் விநாடிக்கு 12 மி.மீ. வேகத்தில் நகரும்.

பிம்பம் எவ்வளவு நகர்ந்தால் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரியும்? கையில் வைத்துப் பார்க்கும் படத்தில் 0.2 மி.மீ. அளவுக்குக் குறைந்த கலங்கலை நம் கண் பெரும்பாலும் உணராது. 6 செ.மீ. சதுர நெகடிவைப் பத்து அங்குலப் படமாகப் பெரிதாக்கும்போது ஏறக்குறைய நாலரை மடங்கு வளர்கிறது. ஆகவே பிலிமில் 0.05 மி.மீ. வரை நகர்ச்சை இருக்கலாம். 12 மி.மீ. வேகத்தில் நகரும் பிம்பம் 0.05 மி.மீ. தூரத்தைக் கடக்க ஆகும் நேரம் 1/240 விநாடி. ஆக, நடக்கும் ஒரு மனிதரைத் தெளிவாகப் பிடிக்க 1/250 விநாடி வேண்டும். ஓடுகிறவராயின் 1/500 விநாடி.

இதே மனிதர் ஒரு நிமிட நேரம் திறந்திருக்கும் காமிராவின் முன் நடந்தால் 90 மீட்டர் போய்விடுவார். அந்தக் காமிரா அங்கே காணும் பரப்பின் அகலமோ சுமார் 7 மீட்டர்தான். ஐந்து விநாடிக்குள் வந்து மறைந்த அவருடைய சுவடு படத்தில் எங்கே இருக்கும்?

முக்காலியிலிருந்து கைக்கு

1851-இல் ஆங்கிலேயரான ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர், கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசும் முறையை வெளியிட்டார். ஒளி பதியும் நேரம் நிமிடங்களிலிருந்து விநாடிகளுக்குக் குறைந்தது. ஆனால் பசை ஈரமாக இருக்கும்போதே படமெடுத்துக் கழுவ வேண்டும். சென்னை வெயிலில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் தாங்கும்? புகைப்படக்காரர் இருட்டுக் கூடாரத்தையும் உடன் சுமந்தார். நிலையங்களில் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களின் தலை ஆடாதிருக்கப் பின்னால் இரும்புக் கவ்வி ஒன்று பொருத்தப்பட்டது. பழைய படங்களில் நம் முன்னோர் விறைப்பாக நிற்பதற்கு அச்சம் மட்டுமே காரணம் அன்று; நின்றே ஆகவேண்டியிருந்தது!

1871-இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர் தகட்டை அறிமுகப்படுத்தினார். 1878-இல் சார்லஸ் பென்னெட் அதன் ஒளியுணர்வைப் பன்மடங்கு பெருக்கும் வழியைக் காட்டினார். வெயிலில் ஒரு விநாடியின் சிறு பகுதியே போதும் என்ற நிலை வந்தது. மூடியைக் கையால் கழற்றி மாட்டும் பழக்கம் போய், ஷட்டர் என்னும் இயந்திரக் கதவு தேவையாயிற்று. முக்காலி இல்லாமல் கையில் ஏந்தியே படம் எடுக்க முடிந்தது.

இங்கேதான் புதிய சிக்கல் பிறந்தது. அதுவரை அசைந்தது எதிரே நிற்பவர் மட்டுமே. இப்போது காமிராவும் அசையத் தொடங்கியது.

நடுங்காத கை இல்லை

‘எனக்குக் கை நடுங்காது’ என்று சொல்பவர் உண்டு. உண்மையில் நடுங்காத கை இல்லை. உடல்நலம் மிக்க இளைஞரின் கையும் விநாடிக்கு 8 முதல் 12 தடவை மிக மெல்லிதாக அதிர்கிறது. இது தசைகளின் இயல்பு.

இந்த அதிர்வால் காமிரா பக்கவாட்டில் நகர்வதைவிடச் சுழல்வதே கேடு விளைவிக்கிறது. 10 மீட்டர் தொலைவிலுள்ள பொருளைப் படமெடுக்கும்போது காமிரா ஒரு மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், 80 மி.மீ. லென்ஸில் பிம்பம் 0.008 மி.மீ. மட்டுமே நகரும், அது பொருட்டல்ல. ஆனால் காமிரா ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு திரும்பினால் பிம்பம் 0.14 மி.மீ. நகர்ந்துவிடும். நாம் மேலே கண்ட எல்லையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! பொத்தானை வெடுக்கென்று அழுத்தும் விரலே இந்தத் திருப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம்.

குவியத் தொலைவின் எண்ணைக் கீழே போட்டு, அந்தப் பின்னத்துக்குக் குறையாத வேகத்தில் எடு என்பது புகைப்படக்காரர்களின் பழைய விதி. 80 மி.மீ. லென்ஸானால் 1/80, ஷட்டரில் அதற்கு அடுத்த வேகம் 1/125. விநாடிக்குப் பத்து முறை அதிரும் கை, 1/125 விநாடியில் ஓர் அதிர்வின் பன்னிரண்டில் ஒரு பங்கைத்தான் முடித்திருக்கும். விதி பொருந்துவதன் காரணம் இப்போது விளங்கும்.

120 பிலிமின் கதை

1901-இல் கோடாக் நிறுவனம் 120 என்ற எண்ணுள்ள சுருள் பிலிமை வெளியிட்டது. அந்தப் பிலிம் இன்றும் கிடைக்கிறது. அதில் 6 செ.மீ. சதுரமாகப் பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். பெரிய தகட்டுக்கும் 35 மி.மீ. சினிமாப் பிலிமுக்கும் இடைப்பட்டது. ஆகவே நடுத்தர அளவு என்று பெயர்.

1929-இல் ஜெர்மனியில் ஃபிராங்கே, ஹைடெக்கே இருவரின் நிறுவனம் ரோலைஃபிளெக்ஸ் காமிராவை வெளியிட்டது. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ்கள். மேலே உள்ளதன் வழியே காட்சியைப் பார்க்க வேண்டும், கீழே உள்ளது படமெடுக்கும். பார்ப்பதற்கான கண்ணாடி அசைவதே இல்லை. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே மெல்லிய இதழ்களாக அமைந்து ‘க்ளிக்’ என்ற சிறு ஓசையோடு திறந்து மூடும். கழுத்தில் தொங்கவிட்டு, மார்பருகே வைத்துக் குனிந்து பார்த்து எடுக்கலாம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் எனப் புகழ்பெற்ற ஹோமாய் வியாரவல்லா பயன்படுத்திய காமிராக்களில் இதுவும் ஒன்று.

1948-இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஹாஸல்பிளாட் வேறு வகை. அதில் லென்ஸ் ஒன்றுதான். அதன் பின்னாலுள்ள கண்ணாடி, படமெடுக்கும் கணத்தில் மேலே துள்ளி எழும். அந்தத் துள்ளல் காமிராவையே அதிரச் செய்யும். ஆகவே 1957-இல் வந்த மாதிரியில் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவிட ஒரு பொத்தான் வைத்தார்கள். 1969-இல் சந்திரனில் இறங்கியவர்கள் மார்பில் பொருத்திக்கொண்டு பயன்படுத்திய ஹாஸல்பிளாட்டில் அந்தக் கண்ணாடியே நீக்கப்பட்டிருந்தது.

பெரிய பிலிமில் கை நடுக்கம் அதிகம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஒரே கோணப் பரப்பைக் காட்டும் இரு காமிராக்களில், படத்தின் அளவோடு ஒப்பிட்டால் நடுக்கம் இரண்டிலும் சமமே. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. 35 மி.மீ. காமிராவில் 50 மி.மீ. லென்ஸைத் துளை எண் 5.6-இல் வைத்துப் பெறும் முன்பின் தெளிவை, 80 மி.மீ. லென்ஸில் பெறத் துளையை ஏறத்தாழ 9-க்குச் சுருக்க வேண்டும். அப்போது முன்னதில் 1/250 போதுமான இடத்தில் இங்கே 1/100 தேவைப்படும். நடுத்தர அளவு காமிராவில் கலங்கல் ஏற்படுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

நம் தெருக்களில்

விலை உயர்ந்த ஜெர்மன் காமிரா எல்லார் கைக்கும் எட்டவில்லை. ரஷ்யாவின் லூபிடெல், ஜப்பானின் யாஷிகா, பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III ஆகியவைதான் நம் குடும்பங்களுக்கு அறிமுகமான 120 காமிராக்கள். கிளிக் III-இல் ஷட்டருக்கு ஒரே வேகம். அதனால்தான் படமெடுக்கும் மாமா, ‘ஆடாம நில்லுங்க, மூச்சு விடாதீங்க’ என்று கட்டளையிட்டார். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்து நாடெங்கும் அனுப்பியது. அந்த ஆலை பின்னாளில் மூடப்பட்டது.

அதே காலத்தில்தான் வடசென்னையில் தொழிற்சாலைகள் எழுந்தன. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தோன்றி, 1955-இல் அசோக் லேலண்டாக மாறியது. அதே 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அது 2017-இல் மூடப்பட்டது.

125 வேகமுள்ள பிலிமைக் கொண்டு காசிமேட்டு வெயிலில் துளை எண் 8, ஷட்டர் 1/500 என்று எடுக்கலாம். வலை இழுப்பவர், மீன் கூடை சுமப்பவர் அனைவரும் தெளிவாக விழுவார்கள். ஆனால் பட்டறைக்குள் நுழைந்தால்? ஒளி நூறில் ஒரு பங்காகக்கூடக் குறையும். துளையை முழுதும் திறந்தாலும் 1/15 அல்லது 1/30 விநாடிதான் கிடைக்கும். 1/30 விநாடியில் நம் தொழிலாளியின் பிம்பம் 0.4 மி.மீ. நகரும், பத்து அங்குலப் படத்தில் ஏறத்தாழ 2 மி.மீ. கலங்கல். இயந்திரம் தெளிவாக இருக்கும். இயக்குபவர் மறுபடி புகையாவார். 1856-இன் கதையே திரும்புகிறது!

திரும்பும் கணம்

கருவி கைவிடும் இடத்தில் கவனம் கைகொடுக்கும். முதலில் நம் கையின் அசைவை அடக்க வேண்டும். காமிராவின் வாரைக் கழுத்தில் மாட்டி, காமிராவைக் கீழ்நோக்கி இழுத்து வார் விறைப்பாக இருக்கும்படி பிடிப்பது நல்லது. முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கட்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானை மெதுவாக, அமுங்குவது தெரியாமல் அழுத்த வேண்டும். சுவரிலோ கம்பத்திலோ சாயலாம். ஆனால் விசைப்படகிலும் இயந்திரக் கூடத்திலும் எதன்மேலும் சாயக்கூடாது. எஞ்சினின் அதிர்வு சுவர் வழியாகவும் கம்பி வழியாகவும் காமிராவுக்கு வந்துவிடும். அங்கே முழங்காலைச் சற்று மடக்கி நிற்க வேண்டும். கால் அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது எதிரே உள்ளவரின் அசைவு. முன்னும் பின்னும் போய்வரும் எந்த இயக்கத்திலும், திசை திரும்பும் இடத்தில் வேகம் ஒரு கணம் பூஜ்யமாகிறது. ஊஞ்சல் உச்சிக்குப் போய் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். சம்மட்டி மேலே ஓங்கி நிற்கும் கணம், துடுப்புப் போடுபவர் உடலைப் பின்னுக்குச் சாய்த்து முடிக்கும் கணம், படகு அலையின் முகட்டில் ஏறி இறங்குமுன் தயங்கும் கணம் ஆகியவை அப்படிப்பட்டவை. அப்போது 1/30 விநாடியும் போதுமானதாகிவிடும். நேர்க்கோட்டில் விரையும் ரயிலுக்கு இது பொருந்தாது. அதற்குக் காமிராவையும் கூடவே திருப்பிக்கொண்டு போக வேண்டும்.

ஆனால் அந்தக் கணம் எப்போது வரும் என்று எப்படித் தெரியும்? அந்த வேலையைச் சிறிது நேரம் நின்று கவனிக்க வேண்டும். எத்தனை அடிக்கு ஒருமுறை சம்மட்டிக்காரர் மூச்சு வாங்குகிறார், எந்த அலைக்குப் படகோட்டி காத்திருக்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். வேலையின் தாளம் பிடிபட்டவருக்கே வேலை செய்பவரின் முகம் கிடைக்கும்.

இன்றைய கைபேசியில் நடுக்கத்தை ஈடுசெய்ய லென்ஸே நுண்ணளவு நகர்கிறது. பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாக இணைக்கிறது. நம் கையின் அசைவை இந்த உத்திகள் பெருமளவு வென்றுவிட்டன. எதிரே நிற்பவரின் அசைவை அவை வெல்லவில்லை. மங்கிய ஒளியில் வேலை செய்யும் கை இன்றும் கலங்கலாகத்தான் விழுகிறது.

ஆகவே பழைய படம் ஒன்றைப் பார்க்கும்போது, அதில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். யாரை அந்த ஷட்டர் தவறவிட்டிருக்கும் என்றும் கேளுங்கள். வெறிச்சோடிய தெரு உண்மையில் வெறுமையாக இருந்ததில்லை. எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவரோ, காசிமேட்டில் படகோட்டிய பெரியவரோ உங்கள் தெருவில் இருந்தால், உங்கள் கையில் எந்தக் காமிரா இருந்தாலும் சரி, அவரிடம் அனுமதி கேட்டு ஒரு படம் எடுங்கள். முழங்கையை விலாவோடு சேர்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, அவர் பேச்சை முடித்து ஓயும் கணத்தில் எடுங்கள். அவர் தெளிவாக விழட்டும்.